கப்பல் சுற்றுலாவுக்குப் பயணக் காப்பீடு வாங்குவதா, வேண்டாமா?

கேள்வியில் தரப்பட்டிருக்கும் விவரம் இது: கணவன், மனைவி இருவரும் அறுபதைக் கடந்தவர்கள், 11 இரவுகள் கொண்ட கப்பல் சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டிவிட்டார்கள், மீதிப் பணத்தைக் கட்டச் சில வாரங்கள் இருக்கின்றன. முன்பதிவுப் பக்கத்தில் கப்பல் நிறுவனமே ஒரு காப்பீட்டை நீட்டுகிறது. மகனோ, இதுவரை எந்தப் பயணத்திலும் காப்பீடு தேவைப்பட்டதில்லை, இது வீண்செலவு என்கிறார். வாங்கலாமா, வேண்டாமா என்று கேட்கிறார்கள்.

வாங்குங்கள் என்பதே என் பதில். ஆனால் டிக்கெட் பணத்தைக் காப்பாற்றுவதற்காக வாங்காதீர்கள். காப்பீடு பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் பிரீமியத்தை டிக்கெட் விலையோடு ஒப்பிட்டு, பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். டிக்கெட் பணம் எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரியும்; அது முழுவதும் போனாலும் மனம் நோகுமே தவிர, குடும்பம் நொடித்துப்போகாது. கடலின் நடுவே ஒருவர் நோய்வாய்ப்பட்டு, முன்பின் தெரியாத துறைமுகத்தில் இறக்கப்பட்டு, அங்கே சிகிச்சை பெற்று வீடு திரும்பும் செலவுக்கு அப்படி எந்த உச்ச வரம்பும் கிடையாது. காப்பீடு என்பது அந்த வரம்பற்ற செலவுக்காக வாங்கப்படுவது என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், அதை நேரில் பார்த்ததுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் அக்காவும் அத்தானும் ஒரு கப்பல் சுற்றுலா சென்றிருந்தோம். ஐந்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு என் கேபின் தொலைபேசி அடித்தது. "அத்தானுக்கு வேர்த்துக் கொட்டுது, நெஞ்சை அடைக்குதுங்கறார், உடனே வா" என்றாள் அக்கா. கப்பலின் மருத்துவமனை கீழ்த்தளம் ஒன்றில் இருந்தது. மருத்துவர் ஈசிஜி எடுத்தார், ரத்தப் பரிசோதனை செய்தார், பின் எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார்: மாரடைப்புதான், மருந்து கொடுத்து நிலைமை மோசமாகாமல் பார்த்துக்கொள்ள இங்கே முடியும், ஆனால் அடைப்பை நீக்கும் வசதி கரையில்தான் இருக்கிறது, ஹெலிகாப்டர் வந்து போகும் தூரத்தில் கப்பல் இல்லை, வேகத்தைக் கூட்டினால் காலையில் துறைமுகத்தை எட்டிவிடலாம்.

விடிவதற்குள் மூட்டை கட்டச் சொன்னார்கள். பாஸ்போர்ட்டுகள் கேபின் பெட்டகத்துக்குள் இருந்தன. அக்காவின் விரல்கள் நடுங்கியதில் நான்கு இலக்க எண்ணை மூன்று முறை தவறாக அழுத்தினாள், பெட்டகம் பூட்டிக்கொண்டது. பணியாளர் ஒருவர் வந்து திறந்து கொடுத்தபோது ஆம்புலன்ஸ் கரையில் காத்திருந்தது. இறங்கும் வழியில், இரவு முழுவதும் நடந்த சிகிச்சைக்கான தொகையை அத்தானின் கேபின் கணக்கில் சேர்த்து, அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டு, ரசீதைக் கையில் கொடுத்தார்கள். நடைமுறை அதுதான்: கப்பலின் மருத்துவமனை ஒரு தனியார் மருத்துவமனையைப் போலக் கட்டணம் வாங்கும், காப்பீடு இருந்தாலும் முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பின்னர் கோரிப் பெற வேண்டும்.

கரை மருத்துவமனையின் பதிவு மேசையில் கேட்டவை இரண்டே: பாஸ்போர்ட், பணத்துக்கு உத்தரவாதம். காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண்ணை நான் அழைத்தேன். பாலிசி எண், பிறந்த தேதி, கப்பல் மருத்துவரின் அறிக்கை ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, மூன்று மணி நேரத்துக்குள் உத்தரவாதக் கடிதத்தை மருத்துவமனைக்கே அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை அத்தானுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அதே மாலையில் எங்கள் கப்பல் துறைமுகத்தை விட்டு மெல்ல விலகிச் செல்வதை நானும் அக்காவும் மருத்துவமனை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் அழுக்குத் துணிகள் சலவைக்குப் போனவை போனபடியே அந்தக் கப்பலில் இருந்தன.

ஒன்பது நாள் கழித்து, விமானத்தில் பயணிக்கலாம் என்று மருத்துவர் சான்று கொடுத்த பிறகு, துணைக்கு ஒரு செவிலியரோடு அத்தானை அனுப்பிவைத்தது காப்பீட்டு நிறுவனம். அக்காவின் விடுதிச் செலவையும் புதிய டிக்கெட்டையும் ஏற்றுக்கொண்டார்கள். என் செலவை ஏற்கவில்லை. நோயாளியோடு தங்க ஒருவருக்குத்தான் பாலிசியில் இடம் இருந்தது. நாங்கள் தனியாகப் பணம் கட்டி வைத்திருந்த கரைச் சுற்றுலாக்களின் ரசீதுகளை எடுத்து வைக்காததால் அந்தப் பணமும் வரவில்லை. இவற்றையெல்லாம் கூட்டினால் எங்களுக்கு நேர்ந்த இழப்பு சிறியது. அந்தக் கடிதம் வராமல் போயிருந்தால் நாங்கள் கட்ட வேண்டியிருந்த தொகையை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

உங்களிடம் ஏற்கெனவே மருத்துவக் காப்பீடு இருக்கலாம். அது கப்பலில் செல்லுமா என்று அந்த நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். சொந்த நாட்டின் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும் பாலிசிகளே மிகுதி. கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. எவ்வளவு நுணுக்கமாக மாறும் என்பதற்கு அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு: கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் நிற்கும்போதோ, அங்கு வந்து சேர அல்லது அங்கிருந்து புறப்பட்டு 6 மணி நேரத்துக்கு உட்பட்ட தொலைவில் இருக்கும்போதோ பெற்ற சிகிச்சையைத்தான் அத்திட்டம் ஏற்கும், ஏழாவது மணி நேரத்தில் வரும் நெஞ்சுவலியை ஏற்காது. பொதுவான பயணக் காப்பீடு எடுத்திருந்தாலும் கப்பல் பயணம் அதில் அடங்குமா என்று பார்க்க வேண்டும். சில நிறுவனங்கள் அதற்கெனத் தனியே ஒரு கூடுதல் காப்பீட்டைச் சேர்த்து வாங்கச் சொல்கின்றன.

கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால் என்ன செய்வது என்ற பயத்தில் காப்பீடு தேடுவோரும் உண்டு. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்த காட்சி பலர் மனத்தில் நிற்பதால் இந்தப் பயம் இயல்பானது. ஆயினும் அந்த வகை ஆபத்துக்கு முதல் பொறுப்பாளி கப்பல் நிறுவனம்தான். கடல்வழிப் பயணிகளுக்கு நேரும் பாதிப்புக்குக் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்கும் ஏதென்ஸ் உடன்படிக்கையின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்றுக்கொண்ட நாடுகளில், கப்பல் மோதல், கவிழ்தல், தரைதட்டல், தீ போன்றவற்றால் பயணிக்கு மரணமோ காயமோ நேர்ந்தால், போர் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கலகான எஸ்.டி.ஆரில் 2,50,000 வரை தவறு யாருடையது என்று மெய்ப்பிக்காமலே நிறுவனம் ஈடு தர வேண்டும். அதற்கு மேல் 4,00,000 வரையும் வழி இருக்கிறது. ஆனால் உங்கள் உடலில் தானாக எழும் நோய்க்கு இந்த உடன்படிக்கையில் இடமில்லை. நிகழ வாய்ப்பு மிகக் குறைந்த ஆபத்துக்குச் சட்டம் துணைநிற்கிறது. வாய்ப்பு அதிகமுள்ள ஆபத்தில் நீங்கள் தனித்து நிற்கிறீர்கள்.

இனி, நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது. விண்ணப்பத்தில் உடல்நிலை பற்றிக் கேட்கும் கேள்விகளை ஒன்று விடாமல் நிரப்புங்கள். அன்று அத்தான் அந்தப் பகுதியை வெறுமையாக விட்டுவிடலாம் என்றார். "பிரஷர் மாத்திரை போடாதவங்க யாரு, அதையெல்லாமா எழுதுவாங்க" என்றார். அக்கா கேட்கவில்லை. மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பெயரையும் அளவையும் பார்த்துப் பார்த்து எழுதினாள். பிரீமியம் கொஞ்சம் கூடியது. க்ளெய்ம் அனுப்பியபோது காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்டது முந்தைய இரண்டு ஆண்டு மருந்துச் சீட்டுகளைத்தான். மறைத்திருந்தால் அந்த இடத்திலேயே கோரிக்கை நின்றிருக்கும். அறுபதைக் கடந்த ஒருவருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, பழைய அறுவை சிகிச்சை என்று எழுத ஏதாவது இருக்கத்தான் செய்யும். சில சந்தைகளில், முன்பணம் கட்டிய 14 முதல் 21 நாட்களுக்குள் வாங்கினால் ஏற்கெனவே உள்ள நோய்க்கான விலக்கைத் தளர்த்தும் பாலிசிகள் கிடைக்கின்றன. அதனால் நீங்கள் முன்பணம் கட்டி எத்தனை நாள் ஆகிறது என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

கப்பல் நிறுவனம் நீட்டும் காப்பீட்டைப் பற்றி: ஒரே சொடுக்கில் முடிந்துவிடும் என்பது அதன் வசதி. ஆனால் இத்தகைய திட்டங்கள் பலவற்றில் மருத்துவச் செலவுக்கும் மருத்துவ வெளியேற்றத்துக்கும் (நோயாளியைத் தகுந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவது) உள்ள வரம்பு குறைவாக இருக்கிறது. சில காரணங்களுக்காக ரத்து செய்தால் பணமாகத் தராமல், அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும் வரவாகத் தருகிறார்கள். நீங்களே தனியாக வாங்கிய விமான டிக்கெட்டை அது காப்பதில்லை. ஆகவே வெளியே ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்குவதே உங்கள் வயதுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. ஒப்பிடும்போது மொத்த விலையைப் பார்ப்பதை விட, மருத்துவச் செலவின் வரம்பு, மருத்துவ வெளியேற்றத்தின் வரம்பு ஆகிய இரண்டு எண்களைப் பாருங்கள். கப்பலிலிருந்தோ தொலைதூரத் தீவிலிருந்தோ ஏர் ஆம்புலன்ஸில் கொண்டுபோகும் செலவு எளிதில் பல பத்தாயிரம் டாலராகிவிடும். அதைத் தாங்காத வரம்புள்ள பாலிசி, மலிவாக இருந்தாலும் உங்களுக்குப் பயன்படாது.

கப்பல் நிறுவனத்தின் ரத்து விதிகளையும் ஒரு முறை படித்துவிடுங்கள். மீதிப் பணத்தைக் கட்டும் கெடு தாண்டிய பிறகு ரத்துக் கட்டணம் படிப்படியாக ஏறி, கடைசி வாரங்களில் டிக்கெட்டின் முழு விலையையும் எட்டிவிடுவது வழக்கம். புயலாலோ காற்றாலோ ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டுப் போக ஒப்பந்தம் அவர்களுக்கு உரிமை தருகிறது. பெரும்பாலும் அந்தத் துறைமுகத்தின் வரியைத் தவிர வேறெதுவும் திரும்ப வராது. துறைமுகம் விடுபடுதல், தொற்றுநோயால் கேபினுக்குள் அடைபடுதல் போன்றவற்றுக்குச் சிறு தொகை தரும் பாலிசிகள் உண்டு; அவற்றுக்காகக் கூடுதலாகச் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன்.

வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். செய்தியில் வந்துவிட்ட நிகழ்வு, பாலிசியின் பார்வையில் முன்பே தெரிந்துவிட்ட நிகழ்வு; அதற்கு ஈடு கேட்க முடியாது. புயலுக்குப் பெயர் சூட்டிய பிறகு வாங்கிய பாலிசி அந்தப் புயலுக்குப் பொதுவாகப் பயன்படாது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எய்யாஃப்யாட்லயோகுட்ல் எரிமலைச் சாம்பலால் ஐரோப்பாவின் வான்வெளி நாள்கணக்கில் மூடப்பட்டபோது, விமானம் ஏற முடியாமல் கப்பலைத் தவறவிட்டவர்கள் பலர். சாம்பல் எழுந்த பிறகு பாலிசி வாங்க ஓடியவர்களுக்கு அதனால் பயனிருக்கவில்லை. கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாம் என்பதும் எப்போதும் நடக்காது. அந்த நாட்டு விசா வேண்டும். அமெரிக்காவில் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வெளிநாட்டுக் கொடியுள்ள, அதாவது வேறு நாட்டில் பதிவான கப்பல்கள் அங்குள்ள இரு வேறு துறைமுகங்களிடையே பயணிகளை ஏற்றிச் செல்வதையே கட்டுப்படுத்துகிறது. காப்பீடு இருந்தாலும் ஒரு நாள் முன்னதாகவே புறப்படும் ஊருக்குப் போய்ச் சேருங்கள்.

மகன் சொல்வதிலும் நியாயம் உண்டு, அதையும் மறுக்கவில்லை. இளம் வயதினர், சொந்த நாட்டுக் கடற்கரையை ஒட்டி இரண்டு மூன்று இரவுகள் மட்டும் செல்லும் கப்பல், அங்கெல்லாம் செல்லுபடியாகும் மருத்துவக் காப்பீடு, போனால் போகட்டும் என்று விடக்கூடிய டிக்கெட் விலை என்று எல்லாம் பொருந்தினால் நானும் வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் வயதும் 11 இரவுப் பயணமும் இதற்குப் பொருந்தவில்லை. செலவைக் குறைக்க வேண்டுமானால், ரத்துக்கான ஈடு இல்லாமல் மருத்துவமும் வெளியேற்றமும் மட்டும் உள்ள பாலிசியைக் கேட்டுப் பாருங்கள். டிக்கெட் இழப்பை நீங்களே தாங்கிக்கொள்ள முடியும் என்றால் அதுவே போதும்.

வாங்கியபின் உதவி எண்ணையும் பாலிசி எண்ணையும் இரண்டு தாள்களில் கையால் எழுதி, ஆளுக்கு ஒன்றாகப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். மருந்துகளின் பெயரையும் அளவையும் அதே தாளின் பின்புறம் எழுதுங்கள். அன்று என் கைபேசியில் சார்ஜ் தீர்ந்திருந்தது. மருத்துவமனையின் தொலைபேசியிலிருந்து நான் அழைத்தது, அக்கா அப்படி எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்துத்தான்.