வாட்டர் பார்க் முதல் வேடந்தாங்கல் வரை: குடும்பத்தோடு கிளம்புகிறவர்களின் கேள்விகளுக்கு ஒரு நீச்சல் பயிற்சியாளரின் பதில்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வாட்டர் பார்க்கில் லைஃப் கார்டுகளுக்கு மேற்பார்வையாளராக இருந்தேன். இப்போது குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறேன். சொந்த ஊர் மதுராந்தகம் பக்கம் என்பதால் வேடந்தாங்கல் பற்றியும் கேட்கலாம். டிக்கெட் விலை, தள்ளுபடி, ஹோட்டல் எல்லாம் என் துறை இல்லை. அந்தந்தப் பார்க்கின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டை அம்மா: ஆறு வயதுப் பையன். போன கோடையில் நீச்சல் வகுப்பு போனான். கைக்கு மாட்டுகிற காற்றுப் பட்டையும் வாங்கிவிட்டேன், அங்கே லைஃப் கார்டும் இருப்பார். நான் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் போதும்தானே அக்கா?

போதாதும்மா. இன்றைக்கு இந்த ஒரு பதிலை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் எனக்குச் சந்தோஷம்.

தண்ணீரில் மூழ்குகிற குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வரும், உடனே கீழே போகும். மூச்சு வாங்கவே நேரம் இல்லாதபோது கூப்பிட எங்கே நேரம்? தலை பின்னால் சாய்ந்திருக்கும். முடி கண்ணில் விழுந்தாலும் ஒதுக்காது. இரண்டு கையும் பக்கவாட்டில் தண்ணீரைக் கீழே அழுத்தும், ஏணியில் ஏற முயற்சி செய்வது போல. கரையிலிருந்து பார்த்தால் விளையாடுகிற மாதிரியே தெரியும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

காற்றுப் பட்டை விளையாட்டுச் சாமான். கழன்று வரும், காற்று இறங்கும், பையனுக்கும் உங்களுக்கும் பொய்யான தைரியத்தைக் கொடுக்கும். பார்க்கில் லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்கள், அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறி வந்தால் அது பெரிய சைஸ்.

லைஃப் கார்டு ஒரே நேரத்தில் நூறு தலைகளைப் பார்க்கிறவர். உங்கள் பிள்ளையை மட்டும் பார்க்கிற ஆள் நீங்கள்தான். தண்ணீருக்குள் இறங்கி, கையெட்டும் தூரத்தில் நில்லுங்கள், போனை லாக்கரில் வைத்துவிட்டு. நாலு பெரியவர்கள் சேர்ந்து போனால் "நீ பார்க்கிறாய்" என்று நாலு பேரும் நினைத்துக்கொள்வார்கள். முறை வைத்து, "இப்போது என் டியூட்டி" என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி: குளோரின் வாடை குப்பென்று அடிக்கிறது. நிறையப் போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

நேர்மாறாக எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமான குளத்துத் தண்ணீரில் வாடை லேசாகத்தான் இருக்கும். வியர்வை, சிறுநீர், தலை எண்ணெய் எல்லாம் குளோரினோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற பொருள் உண்டாகிறது. மூக்கைத் துளைப்பதும், கண்ணைச் சிவக்க வைப்பதும், ஆஸ்துமா உள்ளவர்களை இரும வைப்பதும் அதுதான். கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் இந்த அழுக்கோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோகிறது.

லிட்டருக்குக் குறைந்தது 1 மில்லிகிராம் குளோரின் தனித்து மிஞ்சியிருக்க வேண்டும், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டுகிற பிஎச் அளவு 7க்கும் 7.8க்கும் நடுவில் இருக்க வேண்டும். நல்ல பார்க்குகளில் இதைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை. அதோடு ஆழமான பக்கத்தில் நின்று தரையில் இருக்கிற வடிகால் கம்பி வலையைப் பாருங்கள். கம்பிகள் தனித்தனியாகத் தெரியாத அளவு கலங்கியிருந்தால் பிள்ளைகளை இறக்காதீர்கள். அந்தத் தண்ணீரில் அடியில் ஒரு குழந்தை கிடந்தாலும் மேலிருந்து தெரியாது.

நம் பங்கும் இருக்கிறது. காலையில் தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு வாட்டர் பார்க் வருவதை நிறுத்துங்கள். இறங்குவதற்கு முன் சோப்புப் போட்டுக் குளியுங்கள். முடி ஏற்கெனவே நல்ல தண்ணீரில் நனைந்திருந்தால் குளோரின் தண்ணீரைக் குறைவாகத்தான் இழுக்கும். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால், டிக்கெட் எடுத்திருந்தாலும் கூட்டி வராதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, சரியான அளவு குளோரின் உள்ள தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும்.

திருவள்ளூர்: எட்டு மாதக் குழந்தையைச் சின்னக் குளத்தில் உட்கார வைக்கலாமா?

வேண்டாம். நிறையப் பிள்ளைகள் சிறுநீர் கழிக்கிற இடம் அதுதான், குழந்தையோ தண்ணீரைக் குடிக்கும். நிழலில் ஒருவர் மடியில் இருக்கட்டும்.

திருப்பூர்: தமிழ்நாட்டில் எந்த வாட்டர் பார்க் பெஸ்ட்?

உங்களுக்குப் பக்கத்தில், தண்ணீர் தெளிவாக, லைஃப் கார்டு போனைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்க்கிற பார்க் எதுவோ அதுதான்.

சேலம் மருமகள்: மாமியாருக்கு 62 வயது. சேலையைத் தவிர வேறு உடுத்தியதில்லை. வேவ் பூலில், அதாவது செயற்கை அலைக் குளத்தில், கால் நனைக்கக்கூட விடவில்லை, கண்கலங்கி வந்துவிட்டார். இது என்ன விதி?

அம்மா கண்கலங்கியது எனக்கும் கஷ்டமாக இருக்கிறது. வாசலிலேயே பக்குவமாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் விதி சரியானது. பருத்தித் துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். அலை வந்து ஆளைத் தள்ளும்போது சேலை காலைச் சுற்றிக்கொண்டால் இடுப்பளவுத் தண்ணீரில்கூட எழுந்து நிற்க முடியாது. ஸ்லைடு துண்டு துண்டாக இணைத்தது. துப்பட்டா நுனி அந்த இணைப்பில் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பருத்தி நூலும் சாயமும் வடிகட்டியை அடைக்கும்.

உடம்பு முழுக்க மூடுகிற, முழுக்கை வைத்த நைலான் டிரஸ் கிடைக்கிறது. வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கூச்சம் பாதி அங்கேயே போய்விடும்.

கரூர்: இது டிரஸ் விற்கிற தந்திரம் மேடம். எங்கள் பாட்டி சேலையோடு கிணற்றில் குதித்து நீந்தியவர். குற்றாலத்தில் லட்சம் பெண்கள் சேலையோடுதான் குளிக்கிறார்கள்.

உங்கள் பாட்டிக்கு என் வணக்கம். அவர் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியிருப்பார், சின்ன வயதிலிருந்து நீந்திப் பழகியவர். முதல்முறை தண்ணீரில் நிற்கிற 62 வயதுக்காரரை அவரோடு ஒப்பிட முடியாது. அருவியில் நின்று குளிப்பதும் ஸ்லைடில் வேகமாக இறங்குவதும் வேறு வேறு. கிணற்றில் அடியில் தண்ணீரை உறிஞ்சுகிற குழாயும் கிடையாது. உறிஞ்சுகிற வாயில் முடியோ துணியோ மாட்டினால் பெரியவர்களாலேயே பிடுங்கிக்கொண்டு வர முடியாது.

டிரஸ் விற்கிற தந்திரம் என்றீர்களே, அதில் நியாயம் இருக்கிறது. முன்கூட்டியே வெளியில் வாங்கி வாருங்கள்.

ஆவடி: பெண்களுக்கு இவ்வளவு சட்டம். ஆண்கள் ஜீன்ஸ் டிரவுசரோடும் பனியனோடும் இறங்குகிறார்களே, அது மட்டும் அடைக்காதா?

அடைக்கும். ஜீன்ஸில் இருக்கிற ஜிப்பும் செப்புப் பொட்டும் ஸ்லைடின் வழவழப்பைக் கீறிவிடும், அடுத்து வருகிறவருக்கு முதுகு கிழியும். என் பொறுப்பில் இருந்தவரை அவர்களையும் வெளியே அனுப்பியிருக்கிறேன். எந்தப் பார்க்கிலாவது பெண்களை மட்டும் தடுத்தால், அங்கேயே நின்று மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

சேலம் மருமகள்: நைலான் டிரஸ் ஒட்டிக்கொண்டு நிற்கும். யாரோ வீடியோ எடுப்பார்கள் என்கிற பயம்தான் அத்தைக்கு. எனக்கும்தான்.

இத்தனை பதிலிலும் எல்லோரும் சுற்றி வளைத்துப் பேசியதை நீங்கள் நேராகச் சொல்லிவிட்டீர்கள். குளத்தைச் சுற்றிப் போன் வைத்துக்கொள்வதைப் பார்க்குகள் தடுக்க வேண்டும். மூழ்குகிற பிள்ளையைக் கவனிக்கவும் அது உதவும். யாராவது எடுப்பதைப் பார்த்தால் தயங்காமல் பக்கத்து லைஃப் கார்டிடம் சொல்லுங்கள், அந்த ஆளைக் கைகாட்டுங்கள். அனுமதியில்லாமல் இப்படிப் படம் எடுத்தால் போலீஸ்வரை போகலாம். டிரஸுக்கு மேலே அடர்நிற நைலான் குர்த்தாவைச் சில இடங்களில் அனுமதிக்கலாம். போவதற்கு முன் போன் செய்து கேளுங்கள்.

கரூர்: அப்படியும் நம் கலாசாரத்துக்கு…

ஐயா, கலாசாரத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை, துணியைப் பற்றித்தான் பேசினேன். இந்த விஷயத்தை இதோடு நிறுத்திக்கொள்வோம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பல்லாவரம்: டிக்கெட் எவ்வளவு ஆகும்?

மேலே முதல் பத்தியைப் பாருங்கள்.

அண்ணா நகர் அப்பா: மே மாத லீவில் வேடந்தாங்கல் போகலாமா? பிள்ளைகளுக்குப் பறவை என்றால் உயிர்.

மே மாதத்தில் வறண்ட ஏரியைத்தான் பார்ப்பீர்கள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் நவம்பரிலிருந்து பறவைகள் வரும். ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். கூடு நிறையக் குஞ்சு இருக்கும்.

தண்ணீருக்குள் நிற்கிற கடம்ப மரத்தில் நத்தைகுத்தி நாரை உட்கார்ந்திருக்கும். அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வெயில் ஏறினால் தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்தபடி அசையாமல் நிற்கும். இரை தேடப் போனவை மாலை நாலு மணிக்கு மேல் கூட்டம் கூட்டமாகத் திரும்பும், அந்த நேரம்தான் அருமை. வாடகைக்காவது ஒரு பைனாகுலர் வேண்டும்.

அது வயலுக்குப் பாயும் ஏரி. பறவை எச்சம் கலந்த தண்ணீர் உரமாகும் என்று தெரிந்துதான் எங்கள் பக்கத்து விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காப்பாற்றினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது கலெக்டரிடம் போய் முறையிட்டதும் அவர்கள்தான். தயவுசெய்து கத்த வேண்டாம், காரில் பாட்டுப் போட வேண்டாம். மிரண்டு எழும்பினால் முட்டை கீழே விழும்.

மதுரை: ஊட்டி போகிற வழியில் காலையில் பிளாக் தண்டர் வாட்டர் பார்க், மாலையில் மலை ஏறலாமா?

நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்த பிள்ளைகளை ஈரத் தலையோடு கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றினால் வாந்திதான். மேட்டுப்பாளையத்தில் ஓர் இரவு தங்குங்கள். இல்லாவிட்டால் இறங்கி வரும்போது போங்கள்.

தென்காசி: குற்றாலத்தில் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா? எங்களுக்குப் பழகிய இடம்தான்.

சீசனில், போலீஸ் அனுமதிக்கிற நேரத்தில், ஓரத்தில், கையைப் பிடித்தபடி. "பழகிய இடம்" என்கிற பேச்சு வேண்டாம். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவன் இறந்தான். மழை மேலே மலையில் பெய்யும், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் கலங்கினாலோ, இலை தழை அடித்து வந்தாலோ, சத்தம் கூடினாலோ துணிமணியை எடுக்கக்கூட நிற்காமல் ஏறி ஓடுங்கள். கையெட்டும் தூரம் என்று முன்னே சொன்னது ஆற்றுக்கும் அருவிக்கும் இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

நாகர்கோவில் செவிலியர்: தண்ணீர் குடித்த பிள்ளையை வயிற்றை அமுக்கி எடுக்கிறார்கள் எங்கள் ஊரில். சொல்லிப் புரிய வையுங்கள்.

நன்றி மேடம். வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகப் பிடித்து உலுக்காதீர்கள், தலைக்கு மேல் தூக்கிச் சுற்றாதீர்கள். வாந்தி வந்து மூச்சுக் குழாய்க்குள் போகும், நேரமும் வீணாகும். மூச்சு இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சுக் கொடுங்கள், பிறகு நெஞ்சை அழுத்துங்கள். இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். பிழைத்து எழுந்த பிள்ளைக்குப் பிறகு இருமல், மூச்சுத் திணறல், தூக்கக் கலக்கம் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. மேடம் போன்றவர்களிடம் பொம்மையில் பயிற்சி எடுப்பதற்கு ஒரு சனிக்கிழமையைக் கொடுங்கள்.

போரூர்: பையன் 117 செ.மீ., ஸ்லைடுக்கு 120 கேட்கிறார்கள். தடிமனான செருப்பு போட்டால் விடுவார்களா?

செய்யாதீர்கள். உயரமும் எடையும் குறைந்தால் வளைவில் உடம்பு எப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது.

தாம்பரம்: தண்ணீரே வேண்டாம், தாத்தா பாட்டியோடு ஒரு நாள். வண்டலூரா, கிண்டியா?

நடக்க முடிந்தால் வண்டலூர். 602 ஹெக்டேர் காடு, பேட்டரி வண்டி உண்டு. 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் ஆரம்பித்த மிருகக்காட்சிசாலையின் தொடர்ச்சி அது, 1985இல் இங்கே திறந்தார்கள். அரை நாள்தான் என்றால் கிண்டி சிறுவர் பூங்கா. பக்கத்திலேயே தேசியப் பூங்கா, நகரத்துக்கு நடுவில் புள்ளிமானும் வெளிமானும். மாம்பழத் தோல், சிப்ஸ் எதையும் மானுக்கும் குரங்குக்கும் நீட்டாதீர்கள். இரண்டு இடத்துக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கூடுவாஞ்சேரி: வண்டலூர் செவ்வாய்க்கிழமை கூட்டம் குறைவாக இருக்குமா?

செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். புதன்கிழமை காலை 9 மணிக்கே போய்விடுங்கள்.