அப்பளம் நமுக்கும் நாளில் வார்னிஷ் வேண்டாம்

கொலு கலைந்து பொம்மைகள் பரண் ஏறும் நேரத்தில்தான் எனக்குக் கேள்விகள் குவியும். இந்த முறை வந்தவற்றில் பாதி ஒரே புலம்பல். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கல்யாண செட் பொம்மைகளுக்கு நானே அக்ரிலிக் வண்ணம் தீட்டினேன். மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்த பத்தே நிமிடத்தில் மாப்பிள்ளை முகமெல்லாம் விபூதி பூசியதுபோல் வெளுத்துவிட்டது. மூன்று வார உழைப்பு போயிற்றா? (கும்பகோணம்)

போகவில்லை. வண்ணம் அடியில் பத்திரமாக இருக்கிறது. எந்த நேரத்தில் அடித்தீர்கள் என்று எழுதவில்லை. மழை விட்ட ஒரு மாலையாக இருக்கும் என்பது என் ஊகம். ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பொம்மையின் மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், அது அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து காயாத வார்னிஷுக்குள் சிக்கிக்கொள்கிறது. அதுதான் அந்த வெண்மை.

இன்னொரு காரணமும் இருக்கலாம். மேட் வார்னிஷ் என்பது சாதாரண வார்னிஷில் மிக நுண்ணிய சிலிக்காத் தூள் போன்ற ஒன்றைக் கலந்தது. அந்தத் தூள் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சொரசொரப்பாக்கி ஒளியைச் சிதறடிக்கிறது. பளபளப்பு அடங்குவது அதனால்தான். டப்பா சும்மா இருந்தால் தூள் அடியில் தங்கிவிடும். உள்ளே இருக்கும் குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு முழுதாக இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். அரை நிமிடத்தில் கை வலிக்கும், பரவாயில்லை.

பரிகாரம் எளிது. நல்ல வெயில் நாளில், பதினொரு மணிக்கு மேல் மூன்று மணிக்குள், பளபளப்பு வார்னிஷை மெல்லியதாக ஒரு பூச்சு கொடுங்கள். அது நுண்பள்ளங்களை நிரப்பும்போது வெண்மை பெரும்பாலும் மறைந்துவிடும். ஒரு நாள் காயவிட்டு மறுபடி மேட் அடியுங்கள். எதையும் முதலில் மாப்பிள்ளையின் முதுகில் சோதித்துவிட்டு முகத்துக்கு வாருங்கள். டப்பா ஒரு சாண் தூரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். கையை நிறுத்தாமல் வீசி அடிக்க வேண்டும். அடுப்போ விளக்கோ எரியும் இடத்தில் கூடாது, அந்த வாயு தீப்பற்றக்கூடியது.

ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள். வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நம் பக்கம் அந்த எண்ணைப் பார்ப்பது அபூர்வம். மானி இல்லாதவர்களுக்கு என் வீட்டு அளவுகோல்: பொரித்த அப்பளம் கால் மணி நேரத்தில் நமுத்துப்போனால் அன்றைக்கு ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள். அவசரமென்றால் தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசலாம். அது காய நேரம் பிடிக்கும், ஆனால் இப்படிச் சட்டென்று வெளுப்பது குறைவு.

மேட் பூச்சு மட்டும் கொடுத்தால் பாதுகாப்பு போதாதா? (நாகப்பட்டினம்)

போதாது. தூள் கலந்த பூச்சு பளபளப்புப் பூச்சைவிடப் பலம் குறைந்தது. அடியில் இரண்டு பூச்சு பளபளப்பு, மேலே ஒரே ஒரு பூச்சு மேட். முன்னது காவலுக்கு, பின்னது கண்ணுக்கு.

மகன் 35-இல் ஒரு பங்கு அளவில் பொம்மை டாங்கி செய்கிறான். ஒட்டுப்படத்தைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஓரம் தெரிகிறது. (மன்னார்குடி)

மேட் வண்ணத்தின் மேல் நேரடியாக ஒட்டியிருக்கிறான். சொரசொரப்பில் காற்று அடைபட்டு அப்படி மின்னுகிறது. முதலில் பளபளப்பு, பிறகு ஒட்டுப்படம், கடைசியில் மேட். இந்த வரிசை மாறக்கூடாது.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் பளபளப்பு கண்ணைக் குத்துகிறது. மேட் அடிக்கலாமா? (தஞ்சாவூர்)

அடிக்கலாம், ஆனால் நான் அடிக்க மாட்டேன். அந்தப் பொம்மை ஆடும்போது வெளிச்சம் அதன் கன்னத்தில் வழுக்கி ஓட வேண்டும்; அதை அணைத்துவிட்டால் மிச்சமிருப்பது காகிதக்கூழ். மேலும், நடனப் பொம்மையில் தலையும் உடலும் தனித்தனித் துண்டுகளாகக் கம்பி முனையில் நிற்கின்றன. அங்கே வார்னிஷ் ஒரு சொட்டு இறங்கினால் ஆட்டம் நின்றுவிடும்.

திருவாரூர் ஆழித்தேரைச் சிறிய அளவில் செய்திருக்கிறேன். மேட் அடித்ததும் கலசத்தின் தங்க நிறம் மஞ்சள் களிமண்போல் ஆகிவிட்டது. (திருவாரூர்)

96 அடித் தேர். 72-இல் ஒரு பங்கு என்றால் 16 அங்குலம். அவ்வளவு உழைப்பில் கலசம் களிமண்ணானால் வருத்தமாகத்தான் இருக்கும். தங்க வண்ணத்தில் இருப்பவை தட்டையான நுண்செதில்கள். அவை கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பினால்தான் தங்கம். மேலே சொரசொரப்பு வந்தால் அந்த ஜாலம் போய்விடும். கலசத்தின் மேல் மட்டும் பளபளப்பு வார்னிஷை மெல்லிய பிரஷ்ஷால் தொட்டுவிடுங்கள், உயிர் திரும்பும். அடுத்த முறை மரம், தேர்ச்சீலை எல்லாவற்றுக்கும் மேட் அடித்து முடித்த பிறகு தங்கத்தைத் தீட்டுங்கள். குதிரைகளின் கண்ணுக்கும் ஒரு பொட்டு பளபளப்பு வையுங்கள். ஈரம் தெரியும், ஓடத் தயாராக நிற்பதுபோல் இருக்கும்.

பாட்டி காலத்து மண் பொம்மைகளுக்கு வார்னிஷ் பூசலாமா? (சீர்காழி)

இதில் நான் குற்றவாளி. எங்கள் வீட்டுச் செட்டியார் பொம்மைக்குத் தண்ணீர் வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசப் போனேன். முதல் இழுப்பிலேயே மீசைக் கறுப்பு கரைந்து கன்னம் வரை வந்தது. துடைத்தேன், உதட்டுச் சிவப்பும் சேர்ந்துகொண்டது. செட்டியார் இன்றும் கடைசிப் படியில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

பழைய மண் பொம்மைகளின் வண்ணம் பல நேரங்களில் தண்ணீரில் கரையக்கூடியது. ஈரப் பஞ்சால் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் பிரஷ் வேண்டாம். தூரத்திலிருந்து பனி படிவதுபோல் ஸ்ப்ரே, அதுவும் பல நாள் இடைவெளியில் சிறிது சிறிதாக. உண்மையிலேயே பழையது, அழகாக மங்கியது என்றால் ஒன்றுமே செய்யாமல் வைத்திருங்கள். பூசிய வார்னிஷை வண்ணத்துக்குச் சேதமில்லாமல் எடுப்பது மிகக் கடினம்.

செய்தித்தாளில் சுற்றி வைத்த பொம்மையில் தாள் ஒட்டிக்கொண்டது. (மயிலாடுதுறை)

தொட்டால் ஒட்டவில்லை என்பது வேறு, உள்வரை காய்ந்தது என்பது வேறு. நம் ஊர் ஈரத்தில் இரண்டு வாரமாவது வெளியில் நிற்கட்டும். பிறகு பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். குமிழ் பிளாஸ்டிக் தாள் வேண்டாம், அதன் வட்டங்கள் அப்படியே வார்னிஷில் பதிந்துவிடும். பிளாஸ்டிக் பொம்மைகள் இருக்கும் பெட்டியில் நாப்தலின் உருண்டை போடாதீர்கள். சில வகைப் பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும். ஒட்டிய தாளை இப்போது பிய்க்க வேண்டாம். மேலே லேசாகத் தண்ணீர் தொட்டு, ஊறிய பிறகு விரல் நுனியால் உருட்டி எடுங்கள்.