எட்டாம் வகுப்பு வலைப்பூ: பாடநூலை அப்படியே அடித்து வைக்கிறார்கள் என்றால்

வகுப்பு வலைப்பூவில் பிள்ளைகள் பாடநூலை அப்படியே அடித்து வைத்தால், ஆசிரியரான நீங்கள் முதலில் பதிவின் தலைப்பை மாற்றிக் கொடுங்கள். ‘ஒளிச்சேர்க்கை’ என்றால் பிள்ளைகள் பாடநூலைப் பார்த்து அப்படியேதான் அடிப்பார்கள். ‘நம் பள்ளி வேப்பமரத்தடியில் புல் ஏன் சரியாக வளரவில்லை?’ என்று கேளுங்கள். போய்ப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

மதிப்பெண் போடும் நீங்கள் மட்டுமே வாசகர் என்பதும் காரணமாக இருக்கலாம். அடுத்த பதிவுக்கு மதிப்பெண்ணை நிறுத்திவிட்டு, பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் பதிவில் ஆளுக்கொரு கேள்வி கேட்கச் சொல்லிப் பாருங்கள். ‘சூப்பர்’, ‘அருமை’ எல்லாம் செல்லாது! எழுதியவர் பதில் சொல்லத் திணறினால் அநேகமாகக் காப்பிதான். கூச்சப்படும் பிள்ளையும் திணறும், உடனே திட்டிவிடாதீர்கள்.

வலைப்பூ கூகுளின் பிளாகர் தளத்தில் இருந்தால், கருத்துகள் உங்கள் அனுமதிக்குப் பிறகே வெளியாகும்படி வையுங்கள். பிள்ளைகளின் முழுப்பெயர், படம் வேண்டாம். 18 வயதுக்குக் கீழ் என்பதால் பெற்றோர் கையெழுத்து வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.