காலிமுகத்திடலிலும் உட்காரலாம்தானே?

கேள்வி: ஏப்ரல் பாடசாலை விடுமுறையில் ஐந்து நாள் மலையகம் போகிறோம். நான், கணவர், 13 வயது மகன், 64 வயது மாமி. கணவர் எக்செல் தாளில் திட்டம் போட்டு முடித்துவிட்டார். முதல் நாள் இரவே சிவனொளிபாதமலை. இறங்கிய கையோடு நுவரெலியா. மூன்றாம் நாள் விடியற்காலை ஹோர்ட்டன் சமவெளி. நான்காம் நாள் எல்ல. ஐந்தாம் நாள் கொழும்பு. நடுவில் ஒரு நாள் எங்கேயும் ஓடாமல் ஏதாவது ஏரிக்கரையில் இருப்போம் என்றேன். "உட்காருவதற்கு எதற்கு அவ்வளவு தூரம்? காலிமுகத்திடலிலும் உட்காரலாம்தானே?" என்கிறார். நான் சோம்பேறியா? மாமிக்கு முழங்கால் நோவும் பிரஷரும் இருக்கிறது. அவரோ மலை ஏறியே தீருவேன் என்கிறார்.
பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, நீங்கள் சோம்பேறி இல்லை. ஆனால் உங்கள் கணவரின் கேள்வியைச் சும்மா தள்ளிவிடவும் மனமில்லை. அதற்குப் பதில் சொல்லாமல் அவரை ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனால், அங்கேயும் போனில் அடுத்த நீர்வீழ்ச்சியைத் தேடிக்கொண்டிருப்பார்.

முதலில் கால்களைப் பற்றிக் கதைப்போம். மலையடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 5500 படிகள். உச்சியின் உயரம் 2243 மீற்றர். அதில் ஏறத்தாழ 1000 மீற்றரை ஓர் இரவில் ஏறப்போகிறீர்கள். மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். வழிநெடுகத் தேநீர்க் கடைகள் உட்காரச் சொல்லிக் கூப்பிடும். எல்லோரும் பயப்படுவது இந்த ஏற்றத்துக்குத்தான். காலை முறிப்பதோ இறக்கம். படி இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கவேண்டும். பழக்கமில்லாத தசையில் அது கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு காயங்களை உண்டாக்கும். அந்த நோ அன்றைக்கே வராது, அதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். இறங்கி வந்த அன்று பின்னேரம் "பார்த்தாயா, ஒன்றுமே இல்லை" என்று சொல்லலாம். மறுநாள் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்கும்போதுதான் தெரியும். ஒரு நாள் கழித்து ஆரம்பித்து, இரண்டு மூன்று நாள் வரை வைத்து வாட்டும்.

உங்கள் கணவரின் தாளை இப்போது ஒருமுறை பாருங்கள். நோ ஏறுகிற நாளில் ஹோர்ட்டன் சமவெளி, அதாவது 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்துச் சுற்றி வர ஒன்பது கிலோமீற்றருக்கு மேல் நடை. நோ உச்சத்தில் நிற்கும் நாளில் எல்ல. வேண்டுமென்றே திட்டமிட்டாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது!

நான் இதைச் சொல்வது பட்ட அனுபவத்தில். 46 வயதில் முதன்முறை ஏறி, அடுத்த நாளே நுவரெலியா பஸ் பிடித்தேன். இறங்கவேண்டிய இடம் வந்ததும் முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, ஏணியில் இறங்குவதுபோல் பஸ் படியில் இறங்கினேன். கொண்டக்டர் பொடியன் சிரிக்கவில்லை. "சிவனொளிபாதமா அக்கா?" என்று மட்டும் கேட்டான். அந்த சீசனில் என்னைப்போல் எத்தனை பேரை இறக்கிவிட்டானோ. நகம் வெட்டாமல் போனதால் கால் பெருவிரல் நகம் சப்பாத்தின் முனையில் இடித்து இடித்துக் கறுத்துப்போய், புது நகம் வர மாதக்கணக்கானது. ஆகவே போவதற்கு இரண்டு நாள் முன்பே எல்லோரும் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இறங்கத் தொடங்கும் முன் சப்பாத்து நாடாவை அவிழ்த்துக் கணுக்காலோடு இறுக்கிக் கட்டுங்கள். புதுச் சப்பாத்து வேண்டவே வேண்டாம்.

சரி, ஓய்வு நாள் எங்கே வரவேண்டும் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும். இறங்கிய நாளை ஓய்வு நாள் என்று கணக்கில் எழுதாதீர்கள். அது தூங்கும் நாள். அதற்கு அடுத்த நாளைத்தான் ஓய்வுக்கு வைக்கவேண்டும். அந்த நாள் முழுக்கக் கட்டிலில் கிடந்தால் கால் இன்னும் விறைக்கும். சமதரையில் அரை மணி நேரம் பொடிநடை, வெந்நீர்க் குளியல், நிறையத் தண்ணீர், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தூக்கம். கடையில் நோ குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த மலைக்குப் புறப்படுகிற வேலை வேண்டாம்.

இனி உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். அவ்வளவு தூரம் எதற்கு?

நீங்கள் ஏறப்போவது இருட்டில். மின்விளக்கு வெளிச்சத்தில் தெரிவது அடுத்த படியும் முன்னால் போகிறவரின் குதிக்காலும்தான். உச்சியில் நின்றால் சுற்றியுள்ள எல்லா மலையும் தெரியும், காலடியில் இருக்கிற மலை தெரியாது. இறங்கும்போது கண் முழுக்கப் படியில். ஆக, சிவனொளிபாதமலைக்குப் போய்வந்த பலர் அந்த மலையைப் பார்ப்பதே இல்லை.

அதைப் பார்க்கும் இடம் மஸ்கெலியா. மவுசாகலை நீர்த்தேக்கக் கரையில் காலை ஆறு மணிக்கு ஒரு இஞ்சிப் பிளேன்டீயோடு உட்காருங்கள். தண்ணீருக்கு அந்தப் பக்கம், கூம்பு மாதிரித் தனியாக நிற்கும். நேற்று முன்தினம் இரவு அதன் முதுகில் ஊர்ந்தது நாங்கள்தானா என்று இருக்கும். காலை நீட்டினால் தொடை "ஆமாம்" என்று சொல்லும். எட்டு, ஒன்பது மணியானால் முகில் வந்து மூடத் தொடங்கிவிடும், அதற்குள் எழும்பிவிடவேண்டும். காலிமுகத்திடலில் கடல் இருக்கிறது, இறால் வடை இருக்கிறது. இது அங்கே இல்லை. அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் மகனுக்குச் சொல்லவும் அங்கே கதை உண்டு. 1960களில் இந்த நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. இப்போது இருப்பது மேட்டில் எழுப்பிய புது நகரம். வரட்சியில் தண்ணீர் நன்றாக இறங்கினால் பழைய கோயிலின் கல்தூண்கள் வெளியே வரும். ஏப்ரலில் மழை பிந்தினால் உங்கள் அதிர்ஷ்டம். தண்ணீர் இறங்கிய கரையைக் கிட்டப்போய்ப் பாருங்கள், வரி வரியாகச் செம்மண், ஒவ்வொரு வரியும் தண்ணீர் சில நாள் நின்றுபோன மட்டம். ஆனால் அந்தச் சேற்றில் இறங்கவேண்டாம். மேலே காய்ந்து பாளமாக வெடித்திருக்கும், உள்ளே முழங்கால் வரை புதையும். நீந்தவும் கூடாது. மகன் எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

இன்னொன்று. மவுசாகலையில் தேங்குவது மஸ்கெலி ஓயா. பக்கத்துக் காசல்ரீயில் தேங்குவது கெஹெல்கமு ஓயா. இரண்டும் மின்நிலையச் சக்கரங்களைச் சுழற்றிவிட்டுக் கீழே போய்ச் சேர்ந்துதான் களனி கங்கையாகிறது. இந்த மலைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918-லேயே எழுதிவைத்தார். கொழும்புக் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தலையில் களனியிலிருந்து எடுப்பது. வீட்டில் பல் துலக்கும் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று மகன் கண்ணால் பார்க்கட்டும். போகும்போது அவிசாவளை, கித்துல்கல வழியாகப் பஸ்ஸில் போனால் கங்கை கூடவே வரும்.

கரையோரத் தோட்டப் பாதைகளில் பொடிநடை போகலாம், மிக அழகு. ஒரு வேண்டுகோள். அங்கேயுள்ள லயங்கள் மனிதர் குடியிருக்கும் வீடுகள். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எங்கள் அம்மா டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். வெயிலில் முதுகில் கூடையோடு நிற்கும்போது சிரிக்கச் சொல்லி யாரோ படம் எடுத்ததை எழுபது வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தார். அட்டை கடித்தால் பதறவேண்டாம். நகத்தால் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கழுவுங்கள்.

மாமி விடயம்தான் கொஞ்சம் இறுக்கமாகச் சொல்லவேண்டியது. பிரஷரும் முழங்கால் நோவும் உள்ளவர் டொக்டரைக் கேட்காமல் முழு மலையும் ஏறக்கூடாது. உயரத்தால் வரும் தலைசுற்று பொதுவாக 2500 மீற்றருக்கு மேல்தான், அந்தப் பயம் இங்கே இல்லை. பயம் படிகளில்தான், அதுவும் இறங்கும் படிகளில். நோ குளிசைகளில் சில பிரஷரை ஏற்றும், அதையும் சேர்த்துக் கேளுங்கள். டொக்டர் வேண்டாம் என்றால் மாமியை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அது மனதை நோகவைக்கும். நல்லதண்ணிப் பாதையின் தொடக்கப் பகுதி அவ்வளவு செங்குத்தில்லை. ஜப்பானிய பௌத்தர்கள் கட்டிய வெள்ளைச் சமாதான தாதுகோபம் வரை மெல்ல நடந்து, அங்கேயிருந்து உச்சியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வரலாம். யாராவது ஒருவர் அவரோடு திரும்பவேண்டும். அந்த ஒருவர் எப்போதும் நீங்களாகவே இருக்கவேண்டும் என்று சட்டமில்லை, உங்கள் கணவர் திரும்பினால் மகன் அப்பாவோடு இன்னொரு முறை ஏறலாம். அதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள், படியில் நின்று பேசாதீர்கள்.

ஏப்ரல் என்பதால் இன்னும் சில. யாத்திரை சீசன், பெரும்பாலும் மே மாதத்தில் வரும் வெசாக் போயாவோடு (பௌர்ணமியோடு) முடியும், அதனால் ஏறலாம். போயாவையும் சனி, ஞாயிறையும் தவிருங்கள். மேலே படிகளில் வரிசை நகராது, விடியும் நேரம் பாதி வழியில் நிற்பீர்கள். பின்னேரம் இடிமழை அடிக்கும் மாதம் இது, நண்பகலுக்கு முன் கீழே வந்துவிடுங்கள். உச்சியில் கொழும்பைவிட 14 பாகையாவது குறைவு, வேர்த்த சட்டையோடு காற்றில் நின்றால் நடுங்கும். மாற்றுச் சட்டையும் சுவெட்டரும் பையில் இருக்கட்டும். சூரியன் வந்ததும் எல்லோரும் கிழக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் மேற்குப் பக்கம் போங்கள். மலையின் முக்கோண நிழல் கீழே சமவெளி மீது விழுந்து கிடக்கும்.

நான் திட்டம் போட்டால் முதல் நாள் நல்லதண்ணி, இரவு ஏற்றம். இரண்டாம் நாள் இறங்கித் தூக்கம். மூன்றாம் நாள் மஸ்கெலியா. நான்காம் நாள் நுவரெலியா, பின்னேரம் கிரகரி வாவியைச் சுற்றி ஒரு நடை. ஏப்ரலில் அங்கே கொழும்பே குடியேறியிருக்கும், அறை வாடகையும் எகிறும், ஓரிரவு போதும். ஐந்தாம் நாள் அவருக்குக் கால் சரியாக இருந்தால் விடிய ஹோர்ட்டன் சமவெளிக்கு மகனோடு போய்வரட்டும். நீங்களும் மாமியும் சீத்தாஎலிய சீதையம்மன் கோயிலுக்குப் போங்கள். பிறகு சேர்ந்து கொழும்புக்கு வரலாம். எல்லவை எடுத்துவிட்டேன், அது அடுத்த விடுமுறைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

கடைசியாக அந்த எக்செல் தாள். மூன்றாம் நாள் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள், விட்டால் அன்றிரவே லக்சபான நீர்வீழ்ச்சியைப் போட்டு நிரப்பிவிடுவார். "காலை 6.00, மவுசாகலைக் கரை, மலை பார்த்தல்" என்று நேரத்தோடு எழுதிவையுங்கள். நேரம் போட்டிருந்தால் அவர் தவறாமல் வந்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன்.