பூட் கிழிந்தால் ஆக்சிலையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் காரின் இடப்பக்க ஆக்சிலில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, சக்கரத்தின் உட்புறமெங்கும் கிரீஸ் தெறித்திருக்கிறது. சத்தம் எதுவும் இல்லை. ஆனாலும் ஆக்சிலை முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். பூட்டை மட்டும் மாற்றக் கூடாதா?

பதில்: மாற்றலாம். முதலில் காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, இருபுறமும் மெதுவாக வட்டமடியுங்கள். ‘டக் டக்’ என்று கேட்டால் வெளிப்பக்க சிவி ஜாயிண்ட், அதாவது சக்கரம் திரும்பும்போதும் ஆக்சிலின் சுழற்சியை அதற்குக் கடத்தும் மூட்டு, தேய்ந்துவிட்டது. புது கிரீஸ் அதைக் காப்பாற்றாது.

சத்தமே இல்லாவிட்டாலும், கிழிந்த பூட்டோடு மழையிலும் மணலிலும் பல நாள் ஓட்டியிருந்தால் கதை வேறு. ஜாயிண்ட்டைக் கழற்றியதும் பழைய கிரீஸை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றிருந்தால், மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டு, உள்ளே எஃகுக் குண்டுகள் ஓடும் தடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டும் குழி இருந்தால் ஜாயிண்ட்டை மாற்றத்தான் வேண்டும். தடம் பளபளப்பாக இருப்பது தேய்மானமல்ல. அதைக் காட்டியே புது ஆக்சிலை விற்றுவிடுகிறார்கள்.

சில நூறு ரூபாயில் முடிகிற பூட் வேலைக்கு ஆயிரக்கணக்கில் பில் போடும் வழக்கம் எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல. ‘பூட் தனியாக வராது’ என்று சொன்னால், இன்னும் இரண்டு கடைகளில் விசாரியுங்கள். ‘ரீகண்டிஷன்’ என்று இடைத்தரகர் கொண்டுவரும் ஆக்சில், பெரும்பாலும் பெயின்ட் பூசிய பழைய சரக்குதான். உங்கள் பழைய ஆக்சிலை அவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். அதுவே நாளை இன்னொருவர் காரில் ஏறும்.

புது பூட்டைப் பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஜாயிண்ட்டைத் தட்டி ஏற்றுவதற்கு முன்பே பூட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் சிறிய கிளாம்பும் ஆக்சில் தண்டில் ஏறியிருக்க வேண்டும். அவசரத்தில் இதை மறந்து மீண்டும் கழற்றுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜாயிண்ட்டைத் தண்டில் பிடித்து வைக்கும் வளையமான சர்க்கிளிப் புதிதாக இருக்கட்டும். ஏற்றியபின் இழுத்துப் பார்த்தால் ஜாயிண்ட் கழன்று வரக் கூடாது. பூட் கிட்டில் வரும் கறுப்பு மாலிப்டினம் கிரீஸ் முழுவதையும் ஜாயிண்ட்டிலும் பூட்டிலுமாக அடைக்க வேண்டும். டப்பாவில் கிடக்கும் சாதாரண கிரீஸ் இங்கே உதவாது. கிளாம்புக்குப் பதில் பிளாஸ்டிக் டை கட்ட விடாதீர்கள்.

கடைசியில், ஆக்சில் முனையைச் சக்கரத்தின் மையத்தோடு பிடிக்கும் ஹப் நட்டையும் புதிதாகப் போட்டு, உங்கள் காரின் கையேட்டிலுள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பானர்) இறுக்கச் சொல்லுங்கள். நட் தளர்ந்திருக்கும்போது காரைச் சக்கரத்தில் நிறுத்தி உருட்டினால், வீல் பேரிங் கெட்டு இன்னொரு செலவு வைக்கும்.