பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு ஸ்டீரியோ: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய ஆம்ப்ளிஃபயர், பழைய ஸ்பீக்கர் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, நான் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். நானும் நண்பனும் தங்கியிருக்கும் அறை பத்துக்குப் பத்து. போனிலேயே பாட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கையில் 6,000 ரூபாய் இருக்கிறது. அந்த விலைக்குப் புதுசாகவே ஒரு 5.1 ஹோம் தியேட்டர் கிடைக்கிறது, பெட்டியில் 10,000 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. பழைய சாமான் வாங்கிச் சேர்த்தால் இதைவிட நன்றாக இருக்கும் என்கிறான் நண்பன். எதைச் செய்வது?
— ஓசூர் வாசகர்

நண்பன் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. அந்த 10,000 என்பது பி.எம்.பி.ஓ. கணக்கு, அதாவது கண நேர உச்சம் என்று சொல்லி விளம்பரத்துக்குப் போடும் வாட், யாருடைய அளவுகோலுக்கும் கட்டுப்படாதது, எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதே செட்டைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள், கரன்ட் எத்தனை வாட் இழுக்கும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். 60 வாட் இழுக்கிற செட் 60 வாட்டுக்கு மேல் தொடர்ந்து சத்தமாகத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட் மட்டும்தான்.

சரி, உங்கள் அறைக்கு எத்தனை வாட் வேண்டும்? வீட்டு ஸ்பீக்கர்களில் 88 டெசிபல் என்று எழுதியிருப்பது சகஜம். ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 88 டெசிபல் சத்தம் வரும் என்று அதற்கு அர்த்தம். நாம் பேசிக்கொள்வது 60 டெசிபல் அளவில்தான் இருக்கும். அதாவது ஒரு வாட்டிலேயே பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டுவார். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது கொஞ்சம்தான். 20 வாட் ஆம்ப் வைத்திருக்கிறவர் 40 வாட்டுக்கு மாறி எந்தப் பெரிய வித்தியாசத்தையும் கேட்கப்போவதில்லை. நல்ல 20 வாட் உங்களுக்குத் தாராளம். மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள், ஏனென்றால் கடைசியில் காதுக்கு வருவது அந்தக் காகிதக் கோன் அசைகிற அசைவுதான்.

ஸ்பீக்கருக்கு ஒரு வழி சொல்கிறேன். 90களில் கேசட்டும் சிடியும் சேர்ந்து வந்த மினி ஹைஃபை செட்டுகள் நினைவிருக்கிறதா, சோனி, ஐவா, பானசோனிக், பிலிப்ஸ் என்று கல்யாணச் சீராகக்கூடக் கொடுத்தார்களே, அவற்றில் இன்று சிடி ஓடாது, கேசட் பெல்ட் உருகிப் பிசினாகியிருக்கும், ஆனால் கூட வந்த இரண்டு பெட்டிகளும் பல வீடுகளில் நன்றாகவே இருக்கும். செட் ஓடாது என்பதால் ரிப்பேர் கடைக்காரர் பெட்டியை மட்டும் மலிவாகக் கொடுத்துவிடுவார். தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ டிவி மெக்கானிக் கடைப் பரணில் இப்படி இரண்டு ஜோடியாவது தூசி படிந்து கிடக்கும், கேட்டுப் பாருங்கள். ஒயர் சொந்தக் கனெக்டரில் முடிந்திருந்தால் வெட்டி நுனியைச் சீவிக்கொள்ளலாம். பின்னால் எத்தனை ஓம் (மின்தடை அளவு) என்று பார்த்துக்கொள்ளுங்கள், 6 அல்லது 8 என்றால் கவலை இல்லை. செட்டாக விற்கும் ஹோம் தியேட்டரோடு வந்த குட்டி ஸ்பீக்கர்களில் 3 ஓம், 4 ஓம் வரும், அதைப் பழைய ஆம்ப்பில் மாட்டினால் ஆம்ப் சூடேறிவிடும், அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வாங்குமுன் முன் வலையைக் கழற்றச் சொல்லுங்கள். கோனைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும் அல்லவா, அதை விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். ரப்பராக இருந்தால் வளைந்து கொடுக்கும், துணியாக இருந்தால் இன்னும் நல்லது. ஃபோமாக இருந்து விரல் பட்ட இடம் அப்பளம் போல உதிர்ந்து கறுப்பு மாவாகக் கையில் ஒட்டினால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. புது ஃபோம் வளையம் ஒட்டி ரீஃபோம் செய்யலாம், ஆனால் உங்கள் பட்ஜெட்டில் அந்தச் செலவு இடிக்கும். அடுத்து, நான்கு விரலைக் கோனின் நடுவைச் சுற்றிச் சமமாக வைத்து உள்ளே லேசாக அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய்த் திரும்பி வர வேண்டும். மணல் உரசுவது போலக் கரகரத்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், உரசுகிறது, எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள். கடைசியாக, பையில் ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி கொண்டு போங்கள். பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் சிவப்பு முனையிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டு எடுத்தால் 'டக்' என்று கோன் வெளிப்பக்கம் குதிக்க வேண்டும். இரண்டு பெட்டியும் ஒரே பக்கம் குதிக்கிறதா என்பது முக்கியம். ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் போனால் யாரோ கழற்றி மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள், ஒன்றின் ஒயரை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

ஆம்ப்புக்கு இரண்டு வழி. முதல் வழி, படமும் சத்தமும் ஒரே கேபிளில் போகும் எச்.டி.எம்.ஐ. வருவதற்கு முந்தைய ஏ.வி. ரிசீவர், அதாவது ஹோம் தியேட்டருக்கான பல சேனல் ஆம்ப். யமஹா, டெனான், ஆன்கியோ, பயனியர் எதுவாக இருந்தாலும் சினிமா பார்க்கிறவர்களுக்கு அது இப்போது வேண்டாத கனம், விலை விழுந்துவிட்டது. உங்களுக்கு வேண்டியது அதன் இடம், வலம் இரண்டு சேனல் மட்டும்தான். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தானே, லீவு நாளில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டை ஒரு சுற்றுச் சுற்றலாம், ஞாயிற்றுக்கிழமை என்றால் பி.வி.கே. ஐயங்கார் ரோட்டு நடைபாதையில் பழைய சாமான் விரித்திருப்பார்கள். ஆனால் நடைபாதையில் கரன்ட் போட்டுக் காட்டமாட்டார்கள், அதனால் அங்கே ஸ்பீக்கர் மட்டும் பாருங்கள். ஆம்ப் என்றால் ஓடவிட்டுக் காட்டுகிற இடத்தில்தான் வாங்க வேண்டும்.

ஸ்விட்ச் போட்டதும் சில விநாடி கழித்து உள்ளே 'க்ளிக்' என்று ரிலே (ஸ்பீக்கரை இணைத்துவிடும் தானியங்கி ஸ்விட்ச்) விழுந்தால் நல்ல அறிகுறி. ஸ்பீக்கர் மாட்டுமுன் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளைத் தொடுங்கள், 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். வோல்ட் கணக்கில் காட்டினால் அந்த ஆம்ப் உங்கள் ஸ்பீக்கர் காயிலைக் கருக்கிவிடும், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். வால்யூம் திருகும்போது கரகரப்பது சின்ன விஷயம், கான்டாக்ட் கிளீனர் இரண்டு அழுத்து அடித்து இருபது தடவை திருகினால் போய்விடும், அதைச் சொல்லி விலை குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி இன்னும் மலிவு. டிபிஏ3116 என்ற ஐசி போட்ட சின்ன கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர் போர்டு சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதற்குப் பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் போதும், 8 ஓம் ஸ்பீக்கரில் பக்கத்துக்குச் சுமார் 20 வாட் வரும். அடாப்டரின் பிளஸ், மைனஸை மீட்டரில் பார்த்துவிட்டு மாட்டுங்கள், மாற்றிக் கொடுத்தால் போர்டு அந்த நொடியே போய்விடும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வழிதான். ஆறாயிரத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு ஒதுக்கி, நல்ல ஜோடி கிடைக்கும்வரை ஒரு மாதம்கூடக் காத்திருப்பேன்.

ஐயா, வாடகை அறையில் ஸ்பீக்கரை இரண்டு மூலையில் வைத்திருக்கிறேன். பேஸ் 'தும் தும்' என்று ஒரே சுரத்தில் அடிக்கிறது, ஆனால் அறை நடுவில் நின்றால் பேஸே இல்லை. ஸ்பீக்கர் கெட்டதா?
— பாலக்கோடு வாசகர்

ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது, அறை செய்கிற வேலை இது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் பத்தடி இருந்தால் 56 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிற சத்தம் இரண்டு சுவருக்கும் இடையே மாட்டிக்கொண்டு நிற்கும். சுவரோரம் அது பெருத்தும் நடுவில் இல்லாமலும் போகும். அறை சதுரமாக இருந்தால் நீளமும் அகலமும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் கேட்கும் 'தும் தும்' அதுதான்.

காசு செலவில்லாமல் பாதி சரியாகும். மூலையிலிருந்து இரண்டு பெட்டியையும் வெளியே எடுங்கள், எந்தச் சுவரிலிருந்தும் ஒன்று, ஒன்றரை அடியாவது தள்ளி இருக்கட்டும். தரையில் வைக்காமல் ஸ்டூல் மேலோ ஹாலோ பிளாக் கல் மேலோ தூக்கி, ட்விட்டர் (கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) உங்கள் காது உயரத்துக்கு வரும்படி வையுங்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஐந்தடி என்றால் நீங்களும் ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்தடியில் உட்காருங்கள், பெட்டிகளின் முகம் உங்களைப் பார்த்துக் கொஞ்சம் திரும்பியிருக்கட்டும். உட்காரும் இடம் அறையின் நட்டநடுவிலும் வேண்டாம், பின்சுவரை ஒட்டியும் வேண்டாம், நாற்காலியை அரை அடி முன்னும் பின்னும் நகர்த்தி ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் அறை நடுவில் நின்று ஒரு கை தட்டுங்கள். 'ட்ர்ர்' என்று அதிர்ந்தால் வெறும் சுவர்கள் சத்தத்தைப் பந்தாடுகின்றன. பகலில் சுருட்டி வைக்கும் இலவம்பஞ்சு மெத்தையைப் பின்சுவரில் சாய்த்து வைத்து மறுபடி தட்டுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். பேஸை இது அவ்வளவு அடக்காது, ஆனால் குரல் தெளியும். எல்லாம் சரியாக அமைந்தால் கண்ணை மூடும்போது பாடுகிறவர் பெட்டிகளை விட்டு வெளியே வந்து இரண்டுக்கும் நடுவில், சுவரில் காலண்டர் மாட்டியிருக்கும் இடத்தில் நிற்பார். முதல்முறை அதைக் கேட்டபோது எழுந்துபோய் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன்.

எங்கள் அப்பா தெருக்கூத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். அவருடைய மைக் செட் ஆம்ப்ளிஃபயர் ஒன்று ஓடும் நிலையில் இருக்கிறது. வீட்டில் பாட்டுக் கேட்க அதைப் பயன்படுத்தலாமா?
— பென்னாகரம் வாசகர்

பயன்படுத்தலாம், ஆனால் எந்த முனையில் மாட்டுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பின்னால் வரிசையாக காமன், 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட் என்று இருக்கும். கடைசி இரண்டும் தெரு முழுக்க ஒயர் இழுத்துக் குழாய் ஸ்பீக்கர்களை லைன் ட்ரான்ஸ்ஃபார்மரோடு மாட்டுவதற்கு. அதில் வீட்டு ஸ்பீக்கரைக் கொடுத்தால் காயில் கருகும். காமனுக்கும் 8 ஓமுக்கும் நடுவில் ஒரு 8 ஓம் பெட்டி, அவ்வளவுதான், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆரம்பியுங்கள்.

இன்னொன்று, அது மோனோ. ஸ்டீரியோ வேண்டுமென்றால் அதே மாதிரி இரண்டு வேண்டும். குரல் ஊர்க்கோடி வரை தெளிவாகப் போவதற்காகச் செய்த பொருள், அதன் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாக ஆழமான பேஸ் வருவது கஷ்டம். அதனால் அதைப் பழைய பாட்டு, வானொலி, பேச்சு கேட்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கைபட்ட சாமானை விற்றுவிடாதீர்கள், இன்னும் இருபது வருடம் ஓடும்.

சொந்தக்காரர் ஒருவர் வெளிநாட்டு ஆம்ப் கொடுத்தார். பின்னால் ஏசி 100 வோல்ட் என்றிருக்கிறது. அப்படியே சொருகலாமா?
— காவேரிப்பட்டணம் வாசகர்

சொருகாதீர்கள். ஜப்பானில் வீட்டுக் கரன்ட் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நமக்கு 230. பல வருடம் முன்பு ஒரு கடையில் அருமையான ஜப்பான் ஆம்ப் ஒன்றை வாங்கி வந்தேன். விற்றவர் சொல்லவில்லை, நானும் பின்பக்கம் பார்க்கவில்லை. ஸ்விட்ச் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல், இரண்டு விநாடியில் வார்னிஷ் கருகும் வாடை, அவ்வளவுதான், ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. அதே அளவில் மாற்று கிடைக்கவே இல்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

230-ஐ 100 ஆக்கும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள், ஆம்ப் இழுக்கும் வாட்டைவிட ஒன்றரை மடங்கு தாங்குவதாக இருக்கட்டும். கடையில் 110 வோல்ட்தான் சுலபமாகக் கிடைக்கும், சொல்லி 100-க்குச் சுற்றி வாங்குவது நல்லது. பத்து வருடம் ஓடாத ஆம்ப் என்றால் முதல்முறை 100 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது கரன்ட் பல்பு வழியாகவே போகும்படி, போட்டு ஓடவிடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள்.

லேப்டாப்பை ஆம்ப்பில் மாட்டினால் 'உர்ர்' என்று இரைகிறது, போனில் இல்லை.
— அரூர் வாசகர்

லேப்டாப் சார்ஜரை உருவிவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் நின்றால் சார்ஜர் வழியாக ஏர்த் சுற்றிக்கொண்டு வருகிறது. பாட்டுக் கேட்கும்போது பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்ன டப்பாவை நடுவில் மாட்டுங்கள். பிளக்கின் ஏர்த் பின்னை ஒடித்துவிடச் சொல்வார்கள், உயிர் விஷயம், அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஸ்பீக்கர் ஒயர் அடி நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். அவசியமா?
— கிருஷ்ணகிரி வாசகர்

அவசியமே இல்லை. எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு ஸ்கொயர் (ஒரு சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர் கேட்டு வாங்குங்கள். ஆம்ப்பிலிருந்து பெட்டிக்கு மூன்று மீட்டர் என்றால் போகவரச் சேர்த்து 0.1 ஓம் தான் வருகிறது, 8 ஓம் பெட்டிக்கு அது ஒன்றுமே இல்லை. இரண்டு நிறத்தில் வாங்குங்கள், பிளஸ் எது மைனஸ் எது என்று குழம்பாமல் இருக்கும்.