வெள்ளை அணு குறைந்தால் நல்லதா? நிமோனியா, செப்சிஸ் கேள்வி-பதில்

நிமோனியாவில் சளி ஏன் பச்சையாக வருகிறது?
– வாசகி, தேனி

கிருமியோடு மோதி மடிந்த நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்களின் நிறம் அது. அவற்றுக்குள் உள்ள மையலோபெராக்சிடேஸ் என்ற நொதி பச்சை. வைரஸ் சளியும் பச்சையாகலாம். நிறத்தை மட்டும் பார்த்து மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள்.

நுரையீரலுக்குள் பாக்டீரியா போனதும் என்ன நடக்கிறது?
– மாணவர், சேலம்

காற்றுப்பைகளில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் என்ற காவல் அணுக்கள், நிமோனியா உண்டாக்கும் நியூமோகாக்கஸ் பாக்டீரியா கொஞ்சம் வந்தால் அப்படியே விழுங்கிவிடும். கைமீறினால் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்து நியூட்ரோஃபில்களை வரவழைக்கும். சில மணி நேரத்தில் அவை ரத்தக்குழாய்ச் சுவரைத் தாண்டி வந்துவிடும், கூடவே நீரும் கசியும். எக்ஸ்-ரேயில் வெள்ளையாகத் தெரிவது இந்தக் கலவைதான்.

அப்பாவுக்கு 74 வயது, நிமோனியா. வெள்ளை அணு 16,000 இருந்தது, இரண்டே நாளில் 2,800 ஆகிவிட்டது. காய்ச்சலும் இல்லை. குணமாகிறார்தானே?
– வாசகர், விருதுநகர்

இந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டா எனக்கு எழுதினீர்கள்? உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. நிமோனியாவில் மொத்த வெள்ளை அணு 4,000-க்குக் கீழே விழுந்தால், செலவுக்கு வரவு ஈடுகொடுக்கவில்லை என்று பொருள். கடுமையான நிமோனியாவுக்கான அளவுகோல்களில் இதுவும் ஒன்று. ‘கவுண்ட் இறங்கிடுச்சு’ என்று நிம்மதியாகப் படுத்து, ஐசியூவில் கண்விழித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கோபம் வருகிறது.

ரிப்போர்ட்டில் முதல் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். வெள்ளை அணுக்களை வகைவாரியாகப் பிரித்துக் காட்டும் டிஃபரென்ஷியல் எங்கே? முதிராத ‘பேண்ட்’ அணுக்கள் 10 சதவீதத்தைத் தாண்டினால், மொத்த எண்ணிக்கை நார்மலாக இருந்தாலும் ஆபத்துதான். வயதானவர்களுக்குக் காய்ச்சல் வராமலே செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழப்பது) வரும், உடம்பு சில்லிட்டும் போகலாம். அதனால் ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். 22-ஐத் தொட்டாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ லேப் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள்.

செப்சிஸ் என்றால் ரத்தத்தில் கிருமி கலப்பதுதானே?
– வாசகர், கோவை

இல்லை. தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி, சொந்த உறுப்புகளையே செயலிழக்க வைப்பது செப்சிஸ். 2016 முதல் இதுதான் வரையறை. பலருக்கு, ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளராது.

செப்சிஸால் ஐசியூவில் இருக்கும் அம்மாவுக்கு எதிர்ப்பு சக்தி கூட்டும் பவுடர் கொடுக்கலாமா?
– வாசகி, மதுரை

வேண்டாம். எந்தப் பக்கம் கூட்டுவது? நியூட்ரோஃபில் தன் டிஎன்ஏவையே வலையாக வீசிக் கிருமியைப் பிடிக்கும் என்பது 2004-இல் தெரிய வந்தது. அதே வலை நுண்குழாய்களில் ரத்தத்தை உறைய வைத்துச் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. மறுபக்கம் லிம்போசைட்கள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்கள் கூட்டமாக மடிகின்றன. முதல் வாரம் தப்பியவருக்கு அடுத்த தொற்று ஒட்டுவது அதனால்தான். டிஎன்எஃப் என்ற ஒரே சைட்டோகைனைக் குறிவைத்து அடக்கிய மருந்துகளே 1990-களின் சோதனைகளில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. டப்பாப் பவுடர் என்ன செய்யும்? நேரத்துக்கு ஆன்டிபயாடிக், திரவம், ஆக்சிஜன்: இவைதான் காப்பாற்றும். வீடு திரும்பியதும் அம்மாவின் மூச்சை எண்ணிப் பழகுங்கள்.

விபத்தில் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். தடுப்பூசி அவசியமா?
– வாசகர், திருநெல்வேலி

கட்டாயம். நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி) ஆகிய மூன்று பாக்டீரியாக்களுக்கும் போடுங்கள். உறை போர்த்திய இந்தக் கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டுவதில் மண்ணீரலுக்குப் பெரும் பங்கு உண்டு. தடுப்பூசி போட்ட பிறகும் காய்ச்சல் வந்தால் அன்றிரவு வீட்டில் படுக்காதீர்கள். மண்ணீரல் இல்லை என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.